டைல்ஸ் ஜாயிண்ட் நிறம் கெட்டால்: டெல்டா வீடுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடையில் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் வரும் ஜாயிண்டுக்கு நிறம் எடுக்கும்போது எல்லோரும் கையில் டைல்ஸை வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார்கள். ஐவரி டைல்ஸுக்கு ஐவரி, வெள்ளைக்கு வெள்ளை. பிறகு நிறம் கெட்டுவிட்டது என்று கூப்பிடும் வீடுகளுக்குப் போனால் டைல்ஸ் நன்றாகவே இருக்கும். அந்த வீட்டுத் தண்ணீருக்கும் வாசல் மண்ணுக்கும் ஒத்துவராத நிறத்தைப் போட்டிருப்பார்கள். காவிரி டெல்டாவில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். ஒரு ஊரில் இரும்புத் தண்ணீர், நாலு ஊர் தள்ளிப் போனால் உப்புத் தண்ணீர், இன்னும் தெற்கே போனால் செம்மண்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் 2, 3 எண்களையும் கடைசிப் பகுதியையும் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பீரோவுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ கால் படாத ஒரு ஜாயிண்டைக் கண்டுபிடியுங்கள். போட்டபோது இருந்த நிறம் அதுதான். பிறகு கெட்டுப்போன இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு, பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் வைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரமாக இருக்கும்போது எல்லா ஜாயிண்டும் இருண்டுதான் தெரியும்.

காய்ந்த பிறகு பழைய நிறம் வந்துவிட்டால் அது வெறும் அழுக்கு. நிறம் அப்படியே நின்றால் கறை. பிரஷ்ஷில் மணல் மணலாக உதிர்ந்து வந்தால் ஜாயிண்டை நிரப்பிய கிரவுட் கலவையே தளர்ந்துவிட்டது. நேராக 9க்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

1. ஹால் தரையில் வெளிர் ஜாயிண்ட் கருத்துவிட்டது

முதலில் எங்கே கருத்திருக்கிறது என்று பாருங்கள்.

நடக்கும் வழியில் மட்டும் கருத்திருந்தால்

வாசலிலிருந்து சமையலறை வரை, சோபாவுக்கு முன்னால், சாமி அறை வாசலில். காரணம் காலோடு வரும் மண். சரிசெய்வதும் சுலபம்: பிரஷ், சோப்புத்தூள், நல்ல தண்ணீர். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மிதியடி போட்டால் திரும்பக் கருப்பது வெகுவாகக் குறையும்.

அறை முழுக்க ஒரே மாதிரி கருத்திருந்தால்

இது மாப் செய்யும் வேலை. ஒரே பக்கெட் தண்ணீரில் மூன்று அறையைத் துடைத்தால் டைல்ஸின் அழுக்கு ஜாயிண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாயிண்ட் டைல்ஸைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பதால் தண்ணீர் அங்கேதான் தேங்கிக் காயும். துடைக்கும் திரவத்தை மூடி கணக்குப் பார்க்காமல் ஊற்றினால் அதன் பிசுக்கு வேறு சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் வெறும் தண்ணீரில், அறைக்கு அறை தண்ணீர் மாற்றித் துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதி நிறம் திரும்பிவிடும்.

கழுவினால் போகிறது, ஆனால் சீக்கிரமே திரும்பக் கருக்கிறது என்றால்

ஜாயிண்ட் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் இல்லை அல்லது தேய்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரை ஜாயிண்டில் விடுங்கள். மணியாக நின்றால் சீலர் இருக்கிறது. உறிஞ்சி இருண்டுவிட்டால் இல்லை. நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, ஊடுருவும் வகை சீலரை மெல்லிய பிரஷ்ஷால் ஜாயிண்டில் மட்டும் தடவி, டைல்ஸ் மேல் பட்டதை உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஜாயிண்ட் உலரவே உலராது.

இதற்கு மேலும் கருத்துக்கொண்டே போனால் நிறம் தப்பு. மண்ணுக்கு ஏற்ற நிறத்துக்கு மாறிவிடுவது நல்லது. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் களிமண். காலில் ஒட்டி வந்து காய்ந்தால் கறுப்பு கலந்த சாம்பல். அங்கே நடுத்தர கிரே. திருவையாறு, பாபநாசம் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் வண்டல். காய்ந்தால் மங்கிய பழுப்பு, அதற்குப் பழுப்பு கலந்த கிரே. வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண். அங்கே ஐவரி ஜாயிண்ட் போட்டுவிட்டு ‘அழுக்கு போகவே மாட்டேங்குது’ என்று வருத்தப்படுவதில் பயனில்லை. அடர் பீஜ் அல்லது டெரகோட்டா போடுங்கள். நிச்சயமாகத் தெரியவில்லையென்றால் மிதியடியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். விழும் தூசியின் நிறத்தைக் கடையின் கிரவுட் நிற அட்டையில் தேடுங்கள்.

2. குளியலறையில் மஞ்சள், துருநிறம் ஏறுகிறது

டெல்டாவில் அதிகம் பார்ப்பது இதுதான், அதிகம் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

குழாய்க்குக் கீழே மட்டும் கோடாக இருந்தால்

சொட்டுகிற குழாய்தான் காரணம். வாஷர் மாற்றுங்கள். பழைய இரும்புக் குழாய் உள்ள வீடானால், காலையில் முதலில் திறக்கும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். முதல் கிண்ணம் கலங்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்ட பின் தெளிந்தால் துரு குழாயிலிருந்துதான் வருகிறது. ஜாயிண்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் படும் இடமெல்லாம் இருந்தால்

போர் தண்ணீரில் இரும்பு. மூன்று சோதனைகள், மூன்றும் செலவில்லாதவை. பக்கெட்டின் உட்புறம் பாருங்கள். வெள்ளை பக்கெட் காவி பூத்திருந்தால் அதுவே பாதி பதில். இரண்டாவது, போர் தண்ணீரை நேராகப் பம்ப்பிலிருந்து தெளிவான பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்தது காலையில் மஞ்சளாகி, அடியில் செம்பழுப்பாக மண்டி படிந்தால் இரும்புதான். மூன்றாவது நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்தது: கொய்யா இலையைக் கசக்கித் தண்ணீரில் போடுவது. இரும்பு இருந்தால் தண்ணீர் ஊதா கலந்த கறுப்பாக மாறும்.

கறையை எடுக்க

பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். இரும்புக் கறையை அது எடுக்காது, இன்னும் அழுத்தமாகப் பிடிக்கவைத்துவிடும். இதற்கு ஏற்றது ஆக்சாலிக் அமிலம். ஹார்டுவேர் கடைகளிலும் ரசாயனக் கடைகளிலும் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். கையுறை போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி கரைத்து, முதலில் ஜாயிண்டைப் பச்சைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, பிரஷ்ஷால் தடவி ஐந்து பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். தூள் விஷம், குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் கவனம். மூலையில் ஒரு விரல் நீளத்தில் சோதித்துப் பார்த்துவிட்டே மற்ற இடத்தில் கை வையுங்கள், ஏனென்றால் அமிலம் எதுவானாலும் சிமெண்ட் கிரவுட்டைக் கொஞ்சம் தின்னத்தான் செய்யும்.

பாத்ரூம் ஆசிட் பற்றி

பாட்டிலில் விற்கும் ஆசிட்டை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பளிச்சென்று ஆகும், உண்மைதான். நுரைப்பது கறை மட்டுமில்லை, உங்கள் ஜாயிண்டும்தான். நாலைந்து முறை ஊற்றிய குளியலறையில் விரல் நகத்தை ஜாயிண்டில் ஓட்டிப் பாருங்கள்: டைல்ஸ் விளிம்பு தூக்கி நிற்கும், நடுவில் பள்ளம், பள்ளத்தின் அடி சொரசொரவென்று மணல் காகிதம் போல இருக்கும். அடுத்த மாதத்துக் கறைக்கு அந்தச் சொரசொரப்பு நல்ல இடம். “தம்பி, ஆசிட் ஊத்துனாத்தான் போவுது, ஆனா மறுவாரமே வந்துருது” என்று ஒரு அம்மா சொன்னார். ஊற்றுவதால்தான் மறுவாரமே வருகிறது.

எந்த நிறம்

இரும்புத் தண்ணீர் வீட்டுக் குளியலறையில் வெள்ளை, ஐவரி, வெளிர் கிரே மூன்றும் வேண்டாம். கிரே நல்ல நிறம்தான், ஆனால் கிரே மேல் காவி ஏறினால் பார்க்கச் சகிக்காது. அடர் பீஜ், பழுப்பு, சாக்லேட் இவற்றில் ஒன்று. சுவர் டைல்ஸ் வெள்ளையாக இருந்தால் இடுப்பளவு வரை பீஜ், அதற்கு மேல் வெள்ளை என்று பிரிக்கலாம். பார்டர் டைல்ஸ் ஒன்று நடுவில் ஓடினால் பிரித்தது தெரியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

துணி, பாத்திரம், சிங்க் எல்லாவற்றிலும் கறை ஏறினால் ஜாயிண்ட் நிறத்தால் தீராது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டித் தண்ணீர் சோதனை செய்துகொள்ளலாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரும்பு நீக்கும் ஃபில்டர் வைப்பவரிடம் பேசுங்கள். தாள் இல்லாமல் பேசினால் அவர் கையில் இருக்கும் ஃபில்டரைத்தான் விற்பார்.

3. அடர் நிற ஜாயிண்டில் வெள்ளையாகப் பூக்கிறது

கறுப்பு, அடர் கிரே, சாக்லேட் போட்டவர்களின் தொல்லை. ஈரத்துணியால் துடைத்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு பூக்கிறது என்று அர்த்தம்.

போட்டுச் சில வாரங்களுக்குள் வந்தால்

கிரவுட்டில் தண்ணீர் கூடிப்போயிருக்கும், அல்லது மேலே துடைக்கும்போது ஸ்பாஞ்சைப் பிழியாமல் துடைத்திருப்பார்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அதன் பிறகே ஈரத்துணி. முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். சில தடவையில் நின்றுவிடும்.

வருடக்கணக்காக, அதிலும் மழைக்காலம் முடிந்து வெயில் வரும்போது வந்தால்

அந்த வெள்ளைப் பொடியை பிளேடால் சுரண்டி ஒரு சில்வர் தட்டில் போடுங்கள். நல்ல தண்ணீர் சில சொட்டு விடுங்கள். கரைந்துவிட்டால் கரையும் உப்பு: மண்ணிலிருந்தோ, கலவைக்கு ஊற்றிய தண்ணீரிலிருந்தோ, மணலிலிருந்தோ வந்தது. கரையாமல், எலுமிச்சைச் சாறு விட்டதும் பொங்கினால் சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. அது தொல்லை குறைந்த வகை.

கரையும் உப்பானால் அடுத்த கேள்வி, அது கீழிருந்து ஏறுகிறதா என்பது. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளை ஜாயிண்ட் மேல் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் தரைக்கு அடியில் ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் கரையோர வீடுகளில் இது சாதாரணம். நிலத்தடி நீரே உப்பு, ஐப்பசி மழையில் அது தரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். உள்ளே வந்தாலும் வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை, வயலை மேடாக்கிக் கட்டிய மனை என்றால் இதே கதைதான்.

கலவைத் தண்ணீர்

இதை யாரும் யோசிப்பதில்லை. வீடு முழுக்க உப்பு போர் தண்ணீரில் கட்டினாலும், கிரவுட் கலக்கும் அந்த இரண்டு பக்கெட் மட்டும் குடிநீரில் கலக்கச் சொல்லுங்கள். கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் ஒரு குடம் போதும். இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இல் குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. உங்கள் போர் அதையும் தாண்டி நிற்கிறதா என்று ஆர்.ஓ. மாட்டும் ஆள் வைத்திருக்கும் பேனா போன்ற மீட்டரிலேயே பார்த்துவிடலாம்.

எந்த நிறம்

உப்பு ஏறும் வீட்டில் கறுப்பு ஜாயிண்ட் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. வெளிர் கிரே, சாம்பல் வெள்ளை, மணல் நிறம். உப்பு பூக்கத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது.

சரி, சிமெண்டுக்குப் பதிலாகப் பிசினில் செய்த எபாக்சி கிரவுட் போட்டால் உப்பு நிற்காதா? ஜாயிண்டில் நிற்கும். ஆனால் கீழிருந்து வரும் ஈரம் வேறு வழி பார்க்கும்: டைல்ஸ் ஓரமாக, சுவரடியில், ஸ்கர்டிங்குக்கு (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மேலே பெயிண்ட் கொப்புளித்து உதிரும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஸ்கர்டிங்குக்கு மேல் ஒரு முழம் உயரம் வரை பெயிண்ட் உரிந்தாலும், ஸ்விட்ச் பாக்ஸ் உள்ள சுவர் ஈரம் காட்டினாலும் டைல்ஸ் மேஸ்திரியின் வேலையில்லை. முதலில் எலக்ட்ரீஷியன், பிறகு சிவில் என்ஜினியர். சுவரடியில் ஈரத்தடுப்பு இல்லாமல் கட்டியிருந்தால் அதற்குத் தனி வைத்தியம், செலவும் தனி.

4. ஒரே அறையில் நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது

பாதி அறை ஒரு நிறம், மீதி வேறு என்று நேர்கோடாகப் பிரிந்திருந்தால் இரண்டு பாக்கெட்டுகளின் லாட், அதாவது தயாரித்த தொகுதி, வேறு. பாக்கெட் கவர் இருந்தால் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். கிரவுட் நல்ல கிரவுட்தான். ஜாயிண்ட் மேல் தடவும் நிறப்பூச்சால் ஒரே நிறமாக்கலாம்.

மேகம் மேகமாக இருந்தால் கலவையில் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வேறு வேறு அளவு. தண்ணீர் கூடிய இடம் வெளுக்கும். மேஸ்திரிக்கு வேலை ஓடவேண்டும், தண்ணியாக இருந்தால் இழுக்கச் சுலபம், அதனால் கைக்கு வந்தபடி ஊற்றுவார். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை ஒரு தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே வராது. கலக்கியதும் ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் திரும்ப ஒருமுறை கிளறியபிறகு போடவேண்டும், இடையில் இறுகினால் தண்ணீர் தெளித்துக் கிளறக்கூடாது.

ஒயிட் சிமெண்டில் கலர்ப்பொடி கலந்து இழுத்திருந்தால் திட்டு வராமல் இருந்தால்தான் அதிசயம். “ஒயிட் சிமெண்டுல கலர் போட்டு இழுத்துவுட்டுர்றேங்க, கடைக் கிரவுட்டெல்லாம் வீண் காசு” என்று இன்னமும் சொல்வார்கள். கடைக் கிரவுட்டுக்கு ஆகும் காசு டைல்ஸ் விலையில் ஒரு ஓரம்கூட வராது. எவ்வளவு கிலோ வேண்டும் என்ற கணக்கு கீழே இருக்கிறது.

5. அட்டையில் பார்த்தது வேறு, தரையில் வந்தது வேறு

அவசரப்படாதீர்கள். சிமெண்ட் கிரவுட் முழுக்க உலர மூன்று நான்கு நாள் ஆகும், மழைக்காலத்தில் கூடுதல். அதுவரை நிறம் இறங்கிக்கொண்டே வரும். ஒரு வாரம் கழித்தும் வேறாகவே இருந்தால் டைல்ஸ் மேல் படிந்த கிரவுட் பாலைத் துடைக்காமல் விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

நிறம் சரிதான், ஆனால் தரை கட்டம் போட்ட லுங்கி மாதிரி தெரிகிறது என்பது இன்னொரு புகார். வெளிர் டைல்ஸுக்கு அடர் ஜாயிண்ட் போட்டால் கோடுதான் முன்னால் நிற்கும். அந்தக் கோடு ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர், ஓரிடத்தில் 4 என்று இருந்தால் வளைவு நெளிவெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இடைவெளி சீராக இருக்க நடுவில் வைக்கும் ஸ்பேசர் இல்லாமல் ஒட்டிய தரைக்கு டைல்ஸைவிட ஒரே ஒரு படி அடர்ந்த நிறம்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே அடர் நிறம் போட்டாயிற்று என்றால் நிறப்பூச்சால் ஒரு படி வெளிராக்கலாம். கறுப்பிலிருந்து ஐவரிக்குப் போக ஆசைப்படாதீர்கள், சுரண்டித்தான் ஆகவேண்டும்.

6. அடுப்படிச் சுவரில் மஞ்சள் கறை, துடைத்தால் சிவப்பாகிறது

பயப்பட வேண்டாம். மஞ்சள்தூளும் சோப்பும் சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குங்குமம் செய்வது இப்படித்தான். சோப்பை நன்றாகக் கழுவிவிட்டால் சிவப்பு பழைய மஞ்சளுக்கு இறங்கும். ஜன்னல் வெயில் படும் சுவரானால் கொஞ்ச நாளில் மஞ்சளும் தானே வெளுக்கும். வெயில் படாத இடத்தில், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து ஜாயிண்ட் மேல் அரை மணி நேரம் ஒட்டிவைத்துக் கழுவுங்கள்.

கறையோடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் முதலில் பிசுக்கு போகவேண்டும்: வெந்நீர், பாத்திரம் துலக்கும் திரவம். தாளிக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள சில சதுர அடிக்கு மட்டும் எபாக்சி போடுவது நான் எப்போதும் சொல்லும் யோசனை. அங்கே அது போட்ட காசுக்கு வேலை செய்யும்.

7. மூலைகளில் கரும்புள்ளி

பூஞ்சை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி பிளீச்சிங் பவுடர், தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்துத் தடவிப் பத்து நிமிடம், பிறகு கழுவல். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு விஷயம் கண்டிப்பாக: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அன்றைக்கு ஆசிட் எதுவும் படக்கூடாது, ஆக்சாலிக்கும் சேர்த்து. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த குளியலறையில் மூச்சை அடைத்துவிடும்.

சிலிக்கான் போட்ட மூலையில் கறுப்பு உள்ளே இறங்கிவிட்டால் தேய்த்துப் போகாது. வெட்டி எடுத்துவிட்டு பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கானாகப் போடுங்கள். குளிக்காத நாளிலும் அந்த மூலை ஈரமாகவே இருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பர்.

8. வாசல், திண்ணை, போர்ட்டிகோவில் சிவப்பு

கோலத்துக்குச் சுற்றிலும் இழுத்த காவி. மார்கழி முழுக்க இழுத்தால் தையில் ஜாயிண்ட் சிவந்திருக்கும். கறையைப் போக்கும் வழியைவிட வராமல் பார்ப்பது எளிது: காவி காய்ந்ததும் தென்னந்துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டிவிட்டு அப்புறம் தண்ணீர் தெளியுங்கள். நேராகத் தண்ணீர் ஊற்றினால் காவிக் குழம்பு ஜாயிண்டுக்குள் இறங்கும். என்னைக் கேட்டால் வாசலுக்கு டெரகோட்டா ஜாயிண்ட்தான். நாள் கிழமைக்குக் காவி இழுக்கக் கை கூசவேண்டியதில்லை.

9. ஜாயிண்ட் உதிர்கிறது, விரிகிறது

இங்கே நிறத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள்.

கணீரென்று கேட்டால்

டைல்ஸ் உறுதி, கிரவுட் மட்டும் பலவீனம். ஆசிட், தண்ணீர் கூடிய கலவை, அல்லது பழைய ஜாயிண்ட் மேலேயே புதிதாக மெழுகியது. சுரண்டி எடுத்துத் திரும்பப் போட்டால் தீரும்.

பொத்துப் பொத்தென்று கேட்டால்

அடியில் வெற்றிடம். எங்கோ ஒன்றிரண்டு என்றால் பொறுக்கலாம். வரிசையாக நாலைந்து டைல்ஸ் அப்படிக் கேட்டாலோ, சித்திரை வெயிலில் இரண்டு டைல்ஸ் முட்டிக்கொண்டு கூரை போல் எழும்பினாலோ மேஸ்திரி வந்து பெயர்த்துத்தான் ஆகவேண்டும். அதன் மேல் எபாக்சி போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

சுவரை ஒட்டிய கோடு மட்டும் விரிந்தால்

களிமண் மனைகளில் இது சகஜம். கோடையில் வயல் வெடிப்பது போலவே வீட்டடி மண்ணும் சுருங்கும், மழையில் உப்பும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, கோடை ஒன்று மழை ஒன்று பாருங்கள். கோடையில் விரிந்து மழையில் மூடினால் அந்தச் சுற்றுக்கோட்டில் சிமெண்ட் கிரவுட்டை எடுத்துவிட்டு அதே நிறத்தில் இழுபடும் சீலன்ட் போடுங்கள். நிறமும் தப்பாது, வெடிப்பும் திரும்பாது. மழைக்கும் மூடாமல் வளர்ந்துகொண்டே போனாலோ, சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடினாலோ, கதவு நிலையில் இடித்தாலோ கட்டுமான என்ஜினியர்.

மாடிக் குளியலறைக்குக் கீழே கூரையில் ஈரத் திட்டு இருந்தால்

தண்ணீர் போகும் துளையை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே திட்டு பெரிதானால் நீர்த்தடுப்பே போய்விட்டது. எந்தக் கிரவுட்டும் நீர்த்தடுப்பு ஆகாது.

10. எபாக்சி போட்டபின் டைல்ஸ் மேல் பிசுபிசுப்பு, அல்லது மஞ்சளாகிவிட்டது

பிசுபிசுப்பு அன்றைக்கே என்றால் வெந்நீரும் சோப்பும் போதும். இறுகிவிட்டால் எபாக்சி நீக்கும் திரவம் வாங்கவேண்டும். சொரசொரப்பான மேட் டைல்ஸில் அதுவும் முழுக்கப் போகாது, ஆகவே மிச்ச டைல்ஸ் ஒன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் எபாக்சி சீக்கிரம் இறுகும். காலை நேரத்தில், சின்னச் சின்னதாகக் கலக்காமல் ஒரு முழு பாக்கெட்டாகக் கலந்து, கலந்ததை இரண்டு பேர் போடவேண்டும். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்தால் அளவு தவறி இறுகாமலே நிற்கும்.

மஞ்சளானது வெயிலால். பால்கனி, மொட்டை மாடி, வெயில் விழும் போர்ட்டிகோவுக்கு வெள்ளை எபாக்சி வேண்டவே வேண்டாம்.

நிறம் மாற்றுவதென்று முடிவானால்

மலிவானது நிறப்பூச்சு. ஜாயிண்ட் உறுதியாக, உலர்ந்து, சுத்தமாக இருந்தால் மட்டும் நிற்கும். உப்பு பூக்கும் தரையில் தோல் தோலாக உரியும். அடுத்தது சுரண்டித் திரும்பப் போடுவது. டைல்ஸ் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது எடுக்கவேண்டும். மேலாக ஒரு கீறு கீறிவிட்டுப் புது நிறத்தை மெழுகினால் ஓரிரு மாதத்தில் பத்தை பத்தையாக வரும். பெரிய கிரைண்டரை உள்ளே விடாதீர்கள், டைல்ஸ் விளிம்பு சிதறும். ஜாயிண்ட் சுரண்டும் கைரம்பமோ, அதிர்ந்து வெட்டும் சின்ன மெஷினோ போதும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலி அதற்குத்தான்.

அளவுக் கணக்கு: ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ், 9 மில்லிமீட்டர் தடிமன், 3 மில்லிமீட்டர் ஜாயிண்ட் என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் ஒன்றரை கிலோ சிமெண்ட் கிரவுட். ஒன்றுக்கு ஒன்று குளியலறை டைல்ஸுக்கு ஜாயிண்ட் அதிகம், 8 மில்லிமீட்டர் தடிமனுக்கு அதே பரப்புக்கு இரண்டரை கிலோ பக்கம் வரும். சேதாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, எல்லாவற்றையும் ஒரே லாட்டில், ஒரே தடவையில் வாங்குங்கள்.

வாங்கும் முன் மூன்று நிறத்தில் ஒவ்வொரு கிலோ மட்டும் எடுத்து, மிச்ச டைல்ஸ் துண்டுகளை ஒரு பலகையில் ஸ்பேசர் வைத்து ஒட்டி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நான்கு நாள் காயவிடுங்கள். பிறகு அந்தப் பலகையை எந்த அறைக்கோ அந்த அறையில் வையுங்கள்: பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு எல்.இ.டி. விளக்கில் ஒருமுறை. குளியலறைப் பலகை மேல் உங்கள் போர் தண்ணீரை ஒரு வாரம் தினமும் ஊற்றிக் காயவிடுங்கள். ஹால் பலகையை வாசலில் போட்டு வீட்டில் எல்லோரும் மிதியுங்கள். எது கண்ணை உறுத்தாமல் நிற்கிறதோ அதன் லாட் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய கிரவுட்டை மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி, பாக்கெட் கவரையும் உள்ளே போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த பாக்கெட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. ஆனால் நாளைக்கு ஒரு டைல்ஸ் மாற்றும்போது அந்தக் கவர் வேண்டும்.